டாலர் ஊருக்கு ஒரு கவுன்சிலர் எதற்கு?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர். வயது 42. பதினெட்டு வருஷமாகப் பனியன் வேலைதான். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று பேசிக்கொள்கிறார்கள். "நீங்க நில்லுங்கக்கா" என்று எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். "இந்த ஊர்த் தலையெழுத்தை அமெரிக்காக்காரனும் டெல்லிக்காரனும் எழுதறாங்க. கவுன்சிலர் ஆகி நீ சாக்கடை அடைப்பைத்தான் பார்க்கோணும்" என்கிறார். மகள் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். உலகத்தின் உற்பத்தியில் பெரும்பகுதி நகரங்களில்தான் நடக்கிறது, இனி நகரங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று அவள் சொல்கிறாள். யார் சொல்வது சரிங்க? ஒரு ஊருக்கு இந்த உலகத்தில் ஏதாவது பலம் இருக்கிறதா? நான் நிற்கலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நில்லுங்கள். இதுதான் என் பதில். ஆனால் காரணத்துக்குப் போகும் முன் உங்கள் வீட்டுக்காரர் பக்க நியாயத்தைப் பேசிவிட வேண்டும். அவர் சொல்வதில் பாதி அப்படியே உண்மை. முப்பது வருடத்துக்கு மேல் நகராட்சிகளில் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பாதி என்னை வேலைக்காலம் முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதத்துக்கு ஏறியபோது உங்கள் ஊரில் என்ன ஆனது என்று உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. "சரக்கை நிறுத்தி வையுங்கள்" என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தால் போதும், மறுநாள் ஓவர்டைம் நிற்கும், அடுத்த வாரம் ஷிப்ட் குறையும். அதற்கு ஒரு மாதம் முன்புதான் இந்தியாவும் பிரிட்டனும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. நம் துணிகள் அங்கே வரியில்லாமல் போக அதில் வழி உண்டு. ஒன்று அடி, ஒன்று ஆறுதல். இரண்டையும் முடிவு செய்த இடத்தில் திருப்பூர் மேயருக்கு நாற்காலி போடவில்லை. ஏற்றுமதியாளர்கள் டெல்லிக்குப் போய் மனு கொடுப்பார்கள், அமைச்சரைப் பார்ப்பார்கள். மாநகராட்சிக்கு அந்தப் பேச்சில் இடமே கிடையாது.

பணத்திலும் இதே கதைதான். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர் உங்களுடையது. லாபத்துக்கான வருமான வரி டெல்லிக்குப் போகிறது. காதர்பேட்டையில் விற்கிற பனியனின் ஜிஎஸ்டி டெல்லிக்கும் சென்னைக்கும் பிரிகிறது. ஊருக்கென்று நேராக அதில் ஒரு பைசாவும் இல்லை. மாநிலம் தன் வருவாயில் ஒரு பகுதியை நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி திருப்பித் தருகிறது. மாநகராட்சி தானாக வசூலிப்பது சொத்து வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி போன்றவைதான். இந்தியாவின் உள்ளாட்சி நிதி பற்றி ரிசர்வ் வங்கி 2022-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. நம் நகர உள்ளாட்சிகளின் வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்தை ஒட்டியே பத்தாண்டுக்கு மேலாக நிற்கிறது என்றது அது. தென்னாப்பிரிக்காவில் அது 6 சதவீதம், பிரேசிலில் 7.4 சதவீதம்.

ஆகவே மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் நகரங்களிலிருந்து வருகிறது என்று உலக வங்கி சொல்வது சரியான கணக்குதான். ஆனால் எல்லா நகரமும் ஒரே நகரம் இல்லை. பேக்கிங் பகுதியில் பனியனோடு சேர்த்து மாட்டுகிறீர்களே விலை அட்டை, அதை எடுத்து அவளிடம் காட்டுங்கள். அதில் யூரோவிலோ பவுண்டிலோ ஒரு விலை அச்சாகியிருக்கும். மாட்டுவது திருப்பூரில். அந்த எண்ணை முடிவு செய்த அலுவலகம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில். அந்த எண்ணில் உங்கள் கூலி எத்தனை பங்கு என்பதும் அங்கேதான் முடிவாகிறது. தைக்கிற நகரம், விலை வைக்கிற நகரம், கடன் கொடுக்கிற நகரம், சட்டம் போடுகிற நகரம் என்று இவை வரிசையாக நிற்கின்றன. இந்த வரிசையில் திருப்பூரின் இடம் எது என்று அவள் யோசிக்கட்டும். அவள் படிக்கிற பொருளாதாரத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சரி, இவ்வளவும் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். இனி அவர் சொன்ன சாக்கடைக்கு வருகிறேன்.

2011 ஜனவரி 28-ஐ அவர் மறந்திருக்க மாட்டார். அன்றைக்குத்தான் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். சாயம் போடப் பட்டறை இல்லாமல் வெள்ளைத் துணி அப்படியே தேங்கியது, ரோலைத் தூக்கிக்கொண்டு வெளியூர்களுக்கு அலைந்தார்கள், வேலை போனவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அந்த அடியை அமெரிக்கா அடிக்கவில்லை. வெள்ளியங்கிரியில் பிறந்து திருப்பூரைக் கடந்து காவிரிக்குப் போகிற நொய்யலில் பல வருடம் சாயக்கழிவை விட்டதற்கு வந்த விலை அது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாக மாறியது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறு கெட்டது, மண் உப்பேறியது. அவர்கள்தான் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது, இதை நான் எங்கேயும் சொல்வேன்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. திருப்பூருக்குப் பவானி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவர ஒரு பெரிய திட்டம் போட்டார்கள் அல்லவா, 2005-இல் தண்ணீர் வரத் தொடங்கியதே, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறன் கொண்டது? இந்தியாவில் தனியார் பங்கோடு கட்டிய முதல் பெரிய குடிநீர்த் திட்டம் என்று அதைச் சொல்வார்கள். அதன் கணக்கே சாயப்பட்டறைகளை நம்பித்தான் போடப்பட்டது. ஆலைகளுக்கு அதிக விலை, வீடுகளுக்குக் குறைந்த விலை. பட்டறைகள் மூடியதும் தண்ணீர் வாங்க ஆள் குறைந்தது, திட்டத்தின் கடன் கணக்கு தள்ளாடியது. ஒரு ஊரின் சாக்கடையைச் சரியாகப் பார்க்காமல் விட்டதில் ஆறு போனது, விவசாயம் போனது, வேலை போனது, குடிநீர்த் திட்டமும் ஆட்டம் கண்டது. அப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்குப் பட்டறைகள் மாறின. இன்று அதையே பையரிடம் பெருமையாகச் சொல்லி ஆர்டர் வாங்குகிறார்கள். அந்தச் செலவைச் செய்யும் அறிவு பத்து வருடம் முன்பே வந்திருந்தால்! சாயக்கழிவுக்குப் பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநகராட்சி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் நிறம் மாறி ஓடுகிற தண்ணீரை முதலில் பார்க்கிறவர் வார்டு ஆள்தான். வீட்டுச் சாக்கடையும் அதே நொய்யலுக்குத்தான் போகிறது.

இன்னொன்றையும் சொல்கிறேன். இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் கனக்கிறது, ஏனென்றால் இது என் தொழில்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவை ஒட்டி சாவர் என்று ஒரு ஊர். அங்கே எட்டு மாடிக் கட்டடம், ரானா பிளாசா. கீழே கடைகளும் ஒரு வங்கியும், மேலே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரிலும் தூண்களிலும் விரிசல் விட்டது. வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் வேலைக்காரர்களை மட்டும் மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். வந்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது. செத்துப்போனவர்கள் 1,100-க்கும் மேல். பெரும்பாலும் பெண்கள், உங்களைப் போலச் செக்கிங்கிலும் மெஷினிலும் நின்றவர்கள். இடிபாட்டுக்குள் கிடந்த லேபிள்களில் ஐரோப்பாவின் பெரிய பெரிய பெயர்கள். உலகமே கொதித்தது, இருநூறுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தொழிற்சங்கங்களோடு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன.

ஆனால் தொடக்கம் எங்கே தெரியுமா? அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது சாவர் நகராட்சி. பெருநகரக் கட்டட ஆணையத்திடம் போக வேண்டிய கோப்பு நகராட்சியிலேயே முடிந்தது. கடைகளுக்கென்று கட்டியதன் மேல் மாடிகள் ஏறின, அதில் ஜெனரேட்டரும் மெஷின்களும் ஏறின. அப்புறம் மேயரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். என் மேசைக்கும் அப்படிக் கோப்புகள் வந்திருக்கின்றன. வரைபடத்தில் "குடியிருப்பு" என்று இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் மூன்றாவது மாடியில் முப்பது மெஷின் ஓடும், மாடிப்படியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும், இரண்டாவது வாசல் பூட்டியிருக்கும். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினால் பக்கத்தில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். ஒரே ஒரு ஊரில் ஒரு கவுன்சிலர் வந்து நின்றார். அவரும் கம்பெனியில் வேலை பார்த்தவர். "படியை மறைக்காதீங்க, புள்ளைங்க எப்படி இறங்கும்" என்று அவர் கேட்டதும் கட்டட உரிமையாளரால் பதில் பேச முடியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எந்தச் சட்டப் புத்தகமும் தேவைப்படவில்லை. எந்த வாசல் எந்த நேரத்தில் பூட்டப்படும் என்று உங்களுக்குத் தெரியும். மன்றத்தில் உட்காரும் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஊருக்கு பலம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருந்த ஊர் ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பர்மிங்காம். 1870-களில் ஆணி, திருகு, பேனா முள், துப்பாக்கி என்று இரும்புச் சாமான்களை உலகத்துக்கே செய்து அனுப்பிய ஊர். பட்டறை நிறைய, பணம் நிறைய, கிணற்றுத் தண்ணீரில் சாக்கடை. ஜோசப் சேம்பர்லின் என்று திருகாணித் தொழிற்சாலை நடத்தியவர் ஒருவர் 1873-இல் மேயரானார். தனியாரிடமிருந்த எரிவாயு நிறுவனங்களை ஊருக்கே வாங்கினார், அதில் வந்த லாபம் ஊர்க் கணக்குக்கு வந்தது. குடிநீர் நிறுவனத்தையும் வாங்கினார். தண்ணீர் லாபத்துக்கான பொருள் இல்லை, அது ஆரோக்கியத்துக்கு என்று அவர் எடுத்த நிலை அந்தக் காலத்துக்குப் பெரியது. மூன்றே வருடத்தில் ஒரு தொழில் நகரத்தின் முகம் மாறியது. அவரிடம் இருந்தது ஊருக்கான சொந்த வருமானமும், அதை எங்கே செலவு செய்வது என்று முடிவெடுக்கும் மன்றமும். உங்கள் மாநகராட்சியிடம் முதலாவது குறைவு, இரண்டாவது பாதிதான் இருக்கிறது. அதே பர்மிங்காம் 2023 செப்டம்பரில் இனி அவசியச் செலவு தவிர வேறு செய்யப் பணமில்லை என்று அறிவித்தது. அதற்கு ஒரு முக்கியக் காரணம், பெண் ஊழியர்களுக்கு ஆண்களுக்கு இணையான சம்பளம் தராமல் விட்டதால் சேர்ந்துபோன கடன். பெண்களின் கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தால் அது எங்கே போய் முட்டும் என்பதற்கு இதுவும் ஒரு கணக்கு.

மேயர்கள் உலக அரசியலில் குரல் கொடுப்பதும் நடக்கிறதுதான். 2017 ஜூனில் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகும் என்று டிரம்ப் அறிவித்தபோது, தன்னைத் தேர்ந்தெடுத்தது பிட்ஸ்பர்க் மக்கள், பாரிஸ் மக்கள் இல்லை என்றார். அன்றைக்கே பிட்ஸ்பர்க் மேயர், எங்கள் ஊர் அந்த ஒப்பந்தப்படியே நடக்கும் என்று சொல்லிவிட்டார். நம் மேயர்கள் அப்படிப் பேசும் நாளுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரங்களுக்குக் கொடுக்கலாம் என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலங்களிடம் விட்டது. மாநிலங்கள் கை இறுக்கமாகத்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2016-இல் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகள் நடத்தினோம். நானும் அந்த அதிகாரிகளில் ஒருவன். கோப்புகள் வேகமாக நகர்ந்தன என்பது உண்மை. ஆனால் எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது, தப்பான தெருவுக்குக் குழாய் போட்டோம்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். உங்கள் லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனால் திருப்பூரில் பாதி இந்தியா நடக்கிறது. ஒரு அறையில் ஆறு பேர், எட்டு பேர். ஷிப்டுக்கு ஷிப்ட் பாய் மாறும், விளக்கு அணையாது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டு சொந்த ஊரில். ஆனால் தொழில் வரி பிடிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தால், அரையாண்டுக்கு ஒருமுறை அவர்கள் சம்பளத்திலிருந்தும் உங்கள் மாநகராட்சிக்குப் பணம் போகிறது. உங்கள் சம்பளச் சீட்டிலும் பாருங்கள், இருக்கும். ஊருக்கு வரி கட்டுகிறவர்கள், ஊர்க் கணக்கில் ஆளாக வருவதில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாமலே தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் குப்பைக்கும் திட்டம் போடுகிறோம்.

2023 மார்ச்சில் போலி வீடியோக்கள் பரவி, தமிழ்நாட்டில் வடக்கத்தித் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது நினைவிருக்கும். பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூர் வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஒரு வார்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பது இரண்டு மாநில அரசுகளின் விவகாரம் ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் பயந்து ரயில் ஏறினால் உங்கள் கம்பெனியில் லைன் நின்றுவிடும், சரக்கு கப்பலுக்குப் போகாது. அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்பதைத் தேர்தலுக்கு ஓட்டாக எண்ணாமல் பார்க்கிற கவுன்சிலர் உங்கள் ஊருக்கு அவசரமாகத் தேவை. பதினெட்டு வருடம் அவர்களோடு ஒரே டேபிளில் நின்றிருக்கிறீர்கள். உங்களை நிற்கச் சொல்ல எனக்கு இதுதான் முதல் காரணம்.

இனி நடைமுறை. தனி ஒரு கவுன்சிலரால் உத்தரவு போட முடியாது. நிர்வாகம் ஆணையரிடம், முடிவு மன்றத் தீர்மானத்தில். இதைத் தெரியாமல் போனால் ஆறு மாதத்தில் மனம் வெறுத்துவிடும். ஆனால் கேள்வி கேட்கலாம், பதிவு செய்ய வைக்கலாம், வார்டுக் குழுவுக்கு நீங்கள்தான் தலைவர். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகளும் கூட்டப்படுகின்றன. கிராம சபை போல நகரத்துக்கு. பல வார்டுகளில் அது சடங்காக முடிந்துவிடுகிறது, போட்டோ எடுத்ததும் கலைந்துவிடுவார்கள். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே என்ற நகரத்தில் 1989 முதல் பட்ஜெட்டில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று பகுதி மக்களே கூடி முடிவு செய்தார்கள். முதலில் அவர்கள் கேட்டது அலங்கார விளக்கு இல்லை, குடிநீரும் கழிவுநீர்க் குழாயும். உங்கள் பகுதி சபையை ஷிப்ட் முடிந்த பிறகு வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், ஓட்டு இல்லாதவர்களையும் உட்காரச் சொல்லுங்கள்.

பட்ஜெட் புத்தகத்துக்குப் பயப்பட வேண்டாம். நான் வேலை பார்த்த ஒரு நகராட்சியில் டீக்கடை வைத்திருந்த பெண் கவுன்சிலர் ஒருவர், தன் வார்டில் தெருவிளக்குக் கம்பங்களை மகனோடு இரவில் நடந்தே எண்ணினார். பராமரிப்பு பில்லில் இருந்த எண்ணிக்கை அதைவிட அதிகம். கூட்டத்தில் எழுந்து இரண்டு எண்ணையும் வாசித்தார், உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அடுத்த வருடத்திலிருந்து எல்லா வார்டுக்கும் கம்பம் எண்ணித்தான் பில் போட்டார்கள். நாள் முழுக்க பீஸ் எண்ணி, பழுதைத் தனியே எடுத்து வைக்கிற உங்களுக்கு இது புது வேலை இல்லை.

வருமானத்தையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். மாநகராட்சி கவுன்சிலர்களுக்கு 2023 முதல் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் உண்டு. சூப்பர்வைசர் சம்பளத்துக்கு அது ஈடாகாது. வேலையை விட வேண்டாம். கூட்ட நாட்களுக்கு விடுப்பு கிடைக்குமா என்று கம்பெனியில் இப்போதே பேசி வையுங்கள். செலவுக்குக் கடன் வாங்கி நிற்காதீர்கள். கடனோடு ஜெயித்தால் அந்தக் கடன்தான் உங்களுக்குப் பதிலாக மன்றத்தில் கை தூக்கும்.

தேர்தல் அறிவிப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், உங்கள் வீட்டு வாசல் சாக்கடையிலிருந்து தொடங்கி அது போகிற வழியிலேயே நடந்து போங்கள். எங்கே அடைக்கிறது, எந்தக் கம்பெனிப் பின்வாசலில் இன்னொன்று வந்து சேர்கிறது, எந்த இடத்தில் நொய்யலில் விழுகிறது என்று மகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.